எட்வர்ட் இல்லாத அத்தியாயங்கள்தான் எனக்குப் பிடித்தவை

அக்கா மகள் இங்கே சிங்கப்பூரில் உயர்நிலை மூன்றில் படிக்கிறாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனபோது சோபாவில் குப்புறப் படுத்துக்கொண்டு ‘நியூ மூன்’ என்ற ஆங்கில நாவலைப் படித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு கோபம். “சித்தி, இந்த எட்வர்ட் எப்பத் திரும்பி வருவான்? பக்கம் மட்டும் சொல்லுங்க, நேரா அங்க போயிடுறேன்” என்றாள். 2008-ல் எங்கள் பள்ளிக் கேன்டீனில், மீ கோரெங் தட்டை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு என் தோழி என்னிடம் கேட்டதும் இதே கேள்விதான். பதினைந்து வருடத்துக்கும் மேல் ஆகிவிட்டது. படிக்கிற பிள்ளைகள் வேறு, ஆனால் இந்தப் புத்தகம் கொடுக்கிற முதல் எரிச்சல் அதேதான்.

அவளுக்குப் பக்க எண்ணை நான் சொல்லவில்லை. அன்று இரவே என் அலமாரியில் இருந்த பழைய பிரதியை எடுத்தேன். பிராஸ் பாசா காம்பிளெக்ஸில் பழைய புத்தகக் கடையொன்றில் ஆறு வெள்ளிக்கு வாங்கியது, முதுகுப்பக்கம் வெடித்து நூல் தெரிகிறது. கறுப்பு அட்டை, வெள்ளையும் சிவப்புமாக ஒரு டூலிப் பூ, அதிலிருந்து உதிர்ந்து விழும் ஓர் இதழ். 560 பக்கத்துக்கு மேல். ஐந்து நாளில், பாதி எம்ஆர்டி ரயிலிலும் பாதி படுக்கையிலுமாக மறுபடி படித்து முடித்தேன். படித்ததோடு விடாமல் அன்றைக்கு என்னோடு சேர்ந்து படித்தவர்களையும், இப்போது அக்கா மகளோடு படிக்கும் பிள்ளைகளையும் என்ன தோன்றியது என்று கேட்டேன். அதையெல்லாம் சேர்த்துத்தான் இந்த விமர்சனம்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டெபனி மேயரின் ‘டுவைலைட்’ வரிசையில் இது இரண்டாவது. முதல் புத்தகம் 2005-ல் வந்தது, இது 2006 செப்டம்பரில். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஃபோர்க்ஸ் என்ற சின்ன ஊர், எப்போதும் மழையும் மேகமும்தான். அங்கே அப்பாவோடு இருக்க வந்த பெல்லா, எட்வர்ட் கல்லன் என்ற இரத்தக்காட்டேரியைக் காதலிக்கிறாள். அவன் 1901-ல் பிறந்தவன். 1918-ல் ஸ்பானிஷ் காய்ச்சலில் சாகக் கிடந்தவனைக் கார்லைல் என்ற மருத்துவர் காட்டேரியாக்கிக் காப்பாற்றினார், அதனால் அவனுக்கு என்றைக்கும் பதினேழு வயது. அந்தக் குடும்பம் மனித இரத்தத்தைத் தொடுவதில்லை, மிருக இரத்தத்தோடு சரி.

இந்தக் கதை பெல்லாவின் பதினெட்டாவது பிறந்தநாளில், செப்டம்பர் 13 அன்று தொடங்குகிறது. அவனைவிட மூத்தவளாகிவிட்டோமே என்று அவளுக்கு வருத்தம். கல்லன் வீட்டில் கேக், பூ, பரிசுப் பொட்டலங்கள் என்று எல்லாம் தயாராக இருக்கிறது. ஒரு பொட்டலத்தைப் பிரிக்கும்போது காகிதம் விரலைக் கீறிவிடுகிறது. ஒரே ஒரு சொட்டு. அந்த வீட்டிலேயே மனித இரத்தத்தைக் கடைசியாக விட்ட ஜாஸ்பர் பாய்கிறான், எட்வர்ட் அவளைப் பின்னால் தள்ளிவிடுகிறான், அவள் கண்ணாடித் தட்டுகள்மேல் விழுந்து கையைக் கிழித்துக்கொள்கிறாள். ஒரு சொட்டு, கை முழுக்க இரத்தமாக மாற அரைப் பக்கம்கூட ஆகவில்லை, அதற்குள் ஆறு காட்டேரிகள் அவளையே பார்த்தபடி நிற்கிறார்கள். மேயரால் இப்படியும் எழுத முடியும் என்பதை அவரை ஒரேயடியாகத் தள்ளுகிறவர்கள் கவனிப்பதில்லை.

மூன்று நாள் கழித்து எட்வர்ட் அவளை வீட்டுக்குப் பக்கத்துக் காட்டுக்குள் அழைத்துப்போய், உன்மேல் எனக்கு விருப்பமில்லை என்ற மாதிரி பொய் சொல்லிவிட்டு, குடும்பத்தோடு ஊரைவிட்டே போய்விடுகிறான். இது மூன்றாவது அத்தியாயம். மறுபடி அவன் எதிரில் வந்து நிற்பது இருபதாவதில். நடுவில் முந்நூறு பக்கத்துக்கும் மேல் கதாநாயகனே இல்லை!

இங்கேதான் படித்தவர்கள் எல்லாரும் இரண்டாகப் பிரிகிறார்கள். அன்றைக்கு என் வகுப்பில் நடுப்பகுதியை முழுசாகப் படித்தவர்கள் மூன்று நான்கு பேர்தான் இருப்போம். மற்றவர்கள் புரட்டிக்கொண்டே போய் இத்தாலியில் இறங்கிவிட்டார்கள். அக்கா மகளின் தோழி ஒருத்தி, “அழுதுகிட்டே இருக்கு அந்தப் பொண்ணு, எனக்குப் பொறுமையே இல்ல” என்கிறாள். என் அலுவலகத்தில் உடன் வேலை பார்ப்பவர், அவருக்கு ஐம்பது வயது, மகள் படிக்கிறாளே என்று தானும் வாங்கிப் படித்தவர், அவர் நேர்மாறாகச் சொன்னார்: “எனக்கு மற்றதெல்லாம் மறந்துபோச்சும்மா, அந்த மாதப் பெயர் பக்கங்கள் மட்டும் மறக்கல.”

எனக்கும் அதுதான். எட்வர்ட் போன பிறகு என்ன நடந்தது என்று மேயர் எழுதவே இல்லை. ஒரு பக்கத்தில் அக்டோபர் என்று மட்டும் இருக்கும். புரட்டினால் நவம்பர். அப்புறம் டிசம்பர், அப்புறம் ஜனவரி. மற்ற இடமெல்லாம் வெறும் தாள். முதல்தடவை படித்தபோது அச்சுப் பிழையோ என்று நினைத்து வகுப்புத் தோழியின் பிரதியை வாங்கிப் பார்த்தது நினைவிருக்கிறது. இந்தத் தடவை அந்த நான்கு தாள்களையும் மெதுவாகப் புரட்டினேன். என் பிரதியில் டிசம்பர் பக்கத்தின் கீழ் மூலையில், எனக்கு முன்னால் இதை வைத்திருந்த யாரோ பென்சிலால் ஒரு சின்னக் கட்டம் போட்டு, அதற்குள் ஒரு தேதி எழுதியிருக்கிறார்கள். வேறொன்றும் இல்லை. அந்தத் தேதியில் அவர்களுக்கு என்ன நடந்ததோ. வெற்றுத் தாளைப் பார்த்ததும் தன்னுடைய தேதியை அதில் எழுதிவைக்கத் தோன்றியிருக்கிறது பாருங்கள், இந்தப் புத்தகத்துக்கு இதைவிட நல்ல வாசகர் கருத்து எனக்குக் கிடைக்கவில்லை.

2009-ல் கிறிஸ் வைட்ஸ் இயக்கிப் படமாக வந்தபோது இதை எப்படிக் காட்டுவார்கள் என்று ஆவலாக இருந்தேன். பெல்லா ஜன்னலோரம் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருப்பாள், கேமரா அவளைச் சுற்றிச் சுற்றி வரும், வெளியே பருவம் மாறும், மாதப் பெயர்கள் எழுந்து மறையும். அழகான காட்சிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் தாளைப் புரட்டும்போது நம் கையே அந்த மாதங்களைத் தள்ளுகிறது, திரையில் அது வராது.

அக்கா மகளுக்கு இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தபோது அவளுடைய தமிழ்ப் பாடம்தான் உதவியது. பசலை என்றால் என்ன என்று கேட்டேன். தலைவன் பிரிந்து போனால் தலைவியின் உடம்பில் படர்கிற நிற வேறுபாடு என்று மனப்பாடமாகச் சொன்னாள். திருக்குறளில் அதற்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது, பசப்புறு பருவரல், 119-வது. அதற்கு மூன்று அதிகாரம் முன்னால் பிரிவாற்றாமை. அதன் முதல் குறளில், போகவில்லை என்றால் என்னிடம் சொல், சீக்கிரம் வருவேன் என்பதை அதுவரை உயிரோடு இருப்பவர்களிடம் சொல் என்கிறாள் ஒருத்தி. “இந்த பெல்லாவும் அவளும் ஒரே ஆள் சித்தி” என்றாள் அக்கா மகள், சட்டென்று எழுந்து உட்கார்ந்து. நானும் அதைத்தான் சொல்ல வந்தேன். வெள்ளைக்காரப் பிள்ளை ஒருத்தி காதலன் போய்விட்டான் என்று நான்கு மாதம் கிடையாய்க் கிடந்தால் அசட்டுத்தனம், நம் தலைவி வளை கழன்று விழ மெலிந்து போனால் இலக்கியம் என்று வைத்துக்கொள்ள முடியுமா? மேயரின் மொழியைக் குறளோடு ஒப்பிடவில்லை. ஆனால் அந்த வலிக்கு ஒரு பெரிய புத்தகத்தின் பாதியை ஒதுக்கலாம் என்று ஒருவர் முடிவெடுத்ததை நான் மதிக்கிறேன், அதுவும் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்காக எழுதும்போது. பதினாறு வயதில் வருகிற பிரிவைப் பெரியவர்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பரீட்சை வருது, அதைப் பாரு என்பார்கள். என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள். இந்தப் புத்தகம் அப்படிச் சொல்லவில்லை.

பிப்ரவரிக்குள் கதையில் பெல்லாவின் நண்பன் ஜேக்கப் வருகிறான். பெல்லா பழைய மோட்டார் சைக்கிள் இரண்டை அவனிடம் கொண்டுபோய்ப் பழுதுபார்க்கக் கொடுக்கிறாள், சிவப்பு அவளுக்கு, கறுப்பு அவனுக்கு. அவன் தானே ஒட்டுப்போட்டுக் கட்டிய கொட்டகையில் உட்கார்ந்து கழற்றுகிறார்கள், துடைக்கிறார்கள், உதிரிபாகம் தேடி அலைகிறார்கள். பெரிதாக எதுவும் நடப்பதில்லை, நட்டும் போல்ட்டும் பேச்சும்தான். எனக்கு இந்தப் புத்தகத்தில் மிகப் பிடித்த பகுதி இது. துக்கத்தில் இருக்கும் ஒருவரை ஆறுதல் வார்த்தை எழுப்பிவிடாது, பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ ஒரு வேலையைச் செய்தால் மெல்ல எழுந்துவிடுவார்கள். என் அப்பா தவறியபோது பக்கத்து வீட்டு மலாய் ஆன்ட்டி தினமும் சாயங்காலம் வந்து என் அம்மாவோடு உட்கார்ந்து பயறு ஆய்ந்துகொண்டிருந்தார், ஒரு வார்த்தை பேசமாட்டார். ஜேக்கப்பின் கொட்டகையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த முறத்தின் சத்தம்தான் கேட்கும்.

எட்வர்ட் அணி, ஜேக்கப் அணி என்று உலகம் முழுக்கப் பிரிந்து சண்டை போட்டார்களே, அதற்கு விதை விழுந்தது இந்தக் கொட்டகையில்தான். எங்கள் வகுப்பில் எட்வர்ட் பக்கம் கூட்டம் அதிகம். நான் அன்றைக்கும் ஜேக்கப், இன்றைக்கும் ஜேக்கப். இப்போதைய பிள்ளைகளிடம் கேட்டால் புதிதாக ஒரு பதில் வருகிறது, இரண்டு பேரும் வேண்டாம் என்கிறார்கள். அக்கா மகள் எட்வர்ட்மேல் வைக்கிற குற்றச்சாட்டு எனக்கு அந்த வயதில் தோன்றவே இல்லை: “உன் நல்லதுக்குத்தான் போறேன்னு அவனே முடிவு பண்ணிட்டான். அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டானா?” கேட்கவில்லை. அதோடு தான் கொடுத்த பரிசுகளையும் படங்களையும்கூட மறைத்துவிட்டுப் போகிறான், அவை அவள் அறைத் தரைப்பலகைக்கு அடியிலேயே கிடந்தன என்று கடைசியில்தான் தெரியவருகிறது. 2008-ல் அதைப் படித்து நாங்கள் உருகினோம். இவள் புத்தகத்தை டொப்பென்று மூடினாள். இவள் சொல்வதுதான் சரி என்று நினைக்கிறேன்.

இன்னொரு விஷயத்தில் மனம் ஒப்பவில்லை. ஆபத்தான நேரத்தில் எட்வர்டின் குரல் காதில் கேட்கிறது என்று தெரிந்ததும் பெல்லா வேண்டுமென்றே ஆபத்தைத் தேடிப் போகிறாள், கடைசியில் பாறை உச்சியிலிருந்து கடலில் குதிக்கிறாள், ஜேக்கப் வந்து இழுத்துப் போடாவிட்டால் அவ்வளவுதான். அலுவலகத் தோழி, “இதனாலேயே மகள்கிட்ட குடுத்துட்டோமேன்னு ரெண்டு நாள் தூங்கல” என்றார். அந்தப் பயம் நியாயமானது. கதையில் இதற்கு விலை ஒன்றும் பெரிதாக இல்லை, சொல்லப்போனால் அந்தக் குதிப்பினால்தான் எட்வர்டே திரும்பக் கிடைக்கிறான், அதுதான் உறுத்துகிறது. பிள்ளை படிக்கிறாள் என்றால் இந்த இடம் வரும்போது கூட உட்கார்ந்து பேசிவிடுங்கள். நாங்கள் பேசினோம், அடுக்குமாடி புளோக் கீழே கல்மேசையில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம்.

பாட்டிக்கும் கதை சொன்னோம். பாட்டி சிறுவயதில் செம்பவாங் பக்கம் கம்பம் எனப்படும் கிராமத்தில் வளர்ந்தவர். இரத்தம் குடிக்கிறவன் வீட்டுக்குப் பிறந்தநாள் கொண்டாடப் போனாள் என்றதுமே, “அதுக்கு அப்பன் இல்லையா?” என்றார். காட்டேரி என்று நாங்கள் சொன்னதும் அவருக்குப் பிடிக்கவில்லை, காட்டேரி ஊரில் படையல் போட்டுக் கும்பிடும் சாமி, இது பொந்தியானாக் என்ற மலாய்ப் பேயின் சங்கதி என்று திருத்தினார். பிள்ளைப்பேற்றில் இறந்தவள், வாழைமரத்தில் இருப்பவள், கெம்போஜா பூ வாசத்தோடு வருபவள், பிடரியில் ஆணி அடித்தால் அழகான பெண்ணாகிவிடுவாள். 1957-ல் கேத்தே கெரிஸ் நிறுவனத்துக்காக, இந்தியாவிலிருந்து வந்த பி.என். ராவ் சிங்கப்பூரில் எடுத்த ‘பொந்தியானாக்’ படத்தைப் பற்றிப் பாட்டி இன்னும் பேசுவார், மரியா மெனாடோ நடித்தது. அது ஓடிய ஓட்டத்தில் அதே வருடமே இரண்டாம் பாகமும் வந்துவிட்டது. பாட்டி பேசப் பேச எனக்கு ஒன்று பிடிபட்டது. பொந்தியானாக்கிடம் ஊரே பயந்து ஓடியது. எட்வர்டோ தன்னைப் பார்த்துத் தானே பயப்படுகிறான், அந்தப் பயத்தில்தான் ஓடுகிறான். ‘நியூ மூன்’ புத்தகத்தில் முதல் புத்தகத்தைவிட ஆழமாக வந்திருப்பது இது ஒன்றுதான்.

இத்தாலிப் பகுதிக்கு வருகிறேன். பெல்லா இறந்துவிட்டாள் என்று ஒரு தொலைபேசிப் பேச்சில் தப்பாகப் புரிந்துகொண்ட எட்வர்ட், சாவதற்காக வோல்டெர்ராவுக்குப் போகிறான். அங்கே காட்டேரிகளின் அரசகுடும்பம் மாதிரி வோல்டூரி இருக்கிறார்கள். மனிதர்கள் பார்க்க வெயிலில் நின்று மினுங்கினால் அவர்கள் கொன்றுவிடுவார்கள். புனித மார்க்கஸ் திருநாள், சதுக்கம் முழுக்கச் சிவப்பு அங்கி, கோபுரக் கடிகாரம் பன்னிரண்டு அடிக்கத் தொடங்குகிறது, பெல்லா கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடுகிறாள். ‘ரோமியோ ஜூலியட்’டின் அதே முடிச்சு, கடைசி நொடியில் அவிழ்கிறது. படிக்க விறுவிறுப்புதான், எம்ஆர்டியில் என் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன். ஆனால் அதற்குப் பிறகு வருவது அவசரம். ஆறு மாதக் காயத்தை ஒரு இரவுப் பேச்சில் ஆற்றிவிடுகிறார். அவன் மன்னிப்புக் கேட்கிறான், இவளுக்குக் கோபமே வரவில்லை. முந்நூறு பக்கம் பிரிவை எழுதிய கை, ஒரு முப்பது பக்கம் ஊடலுக்கு ஒதுக்கியிருக்கக் கூடாதா? நம் தலைவியாக இருந்தால் வாயில் கதவைச் சாத்தியிருப்பாள்.

குறை என்று இன்னொன்றும் சொல்லவேண்டும், இது பிள்ளைகளுக்குக் கட்டாயம் தெரியவேண்டும். ஜேக்கப் கதையில் ஓநாயாக மாறுகிறவன். அவன் சார்ந்த குவிலியூட் மக்கள் கற்பனை இல்லை, வாஷிங்டன் கடற்கரையில் லா புஷ்ஷில் இன்றும் வாழ்கிற பழங்குடியினர். தங்கள் முதல் மனிதர்கள் ஓநாய்களிலிருந்து வந்தவர்கள் என்று அவர்களுக்கு ஒரு தொன்மம் உண்டு, ஆனால் காட்டேரியோடு சண்டை, உடன்படிக்கை எல்லாம் மேயர் சேர்த்தது. புத்தகமும் படங்களும் புகழடைந்த பிறகு, எது கதை எது உண்மை என்று விளக்க அந்த மக்களும் சியாட்டிலில் உள்ள பர்க் அருங்காட்சியகமும் சேர்ந்து முயற்சி எடுக்கவேண்டி வந்தது. நாளைக்கு யாரோ ஒருவர் எங்கிருந்தோ வந்து நம் காட்டேரியையும் முனீஸ்வரனையும் வைத்துத் தன் இஷ்டத்துக்கு எழுதி, உலகமெல்லாம் அதையே நம் நம்பிக்கை என்று நினைத்துக்கொண்டால் நமக்கு எப்படி இருக்கும்?

ஆங்கிலம் சுலபம். உயர்நிலைப் பிள்ளைகள் அகராதி இல்லாமல் படிப்பார்கள், சில வாக்கியங்கள் சொன்னதையே சொல்லும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு இருக்கிற ஒரே ஆதங்கம், இந்த வயதுப் பிள்ளைகள் காதலையும் பிரிவையும் பயத்தையும் சேர்த்துப் படிக்கத் தமிழில் ஒன்று கேட்டபோது அக்கா மகளுக்கு என்னால் எதையும் எடுத்துக் கொடுக்க முடியவில்லை. எங்கள் பக்கத்து நூலகத்தில் ஒரு சனிக்கிழமை முழுக்கத் தேடினேன். சிறுவர் கதை இருக்கிறது, பெரியவர்கள் நாவல் இருக்கிறது, பதினைந்து வயதுக்கு என்று சொல்லிக் கொடுக்க எதுவும் கண்ணில் படவில்லை. இங்கே எழுதுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து எழுதுங்கள், வாங்குவதற்கு நான் முதல் ஆளாக நிற்பேன்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு மூன்றரை. அந்த மூன்றும் நடுப்பகுதிக்கு, அரை கடிகாரக் காட்சிக்கு. முதல் புத்தகம் படிக்காமல் இதைத் தொடாதீர்கள், நடுவில் தாண்டிப் போகாதீர்கள். முக்கியமாகக் கடைசிப் பக்கங்களை நின்று படியுங்கள். அந்தச் சிவப்பு மோட்டார் சைக்கிள் அங்கே மறுபடி வருகிறது. ஜேக்கப் அதைக் கொண்டுவந்து, பெல்லாவின் அப்பா கண்ணில் படும்படி வீட்டு முன்னால் நிறுத்திவிடுகிறான், அவள் மாட்டிக்கொள்ளட்டும் என்றே. சேர்ந்து உட்கார்ந்து பழுதுபார்த்த அதே வண்டி. இத்தாலியில் அத்தனை பேர் செத்துப் பிழைத்ததைவிட இது எனக்கு அதிகமாக வலித்தது.

புதன்கிழமை இரவு பதினொன்றரைக்கு அக்கா மகளிடமிருந்து வாட்ஸ்அப். “முடிச்சிட்டேன் சித்தி. எதையும் தாண்டல. அந்த வண்டிய ஏன் அப்படிச் செஞ்சான்?” கூடவே ஒரு படம், ஜனவரி பக்கம், ஓரத்தில் அவளுடைய ஈசி லிங்க் பயண அட்டை. மூன்றாவது புத்தகத்தை நூலகத்தில் முன்பதிவு செய்திருக்கிறாள், அவளுக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்களாம்.